சிங்கப்பூரில் தொழில் பதிவு: நம் பெண்கள் நாள்களைத் தொலைக்கும் இடங்கள்

சிங்கப்பூரில் ஒரு பெண் புது நிறுவனத்தைப் பதிவு செய்ய ஒன்றரை நாள் போதும் என்று உலக வங்கியின் 2020ஆம் ஆண்டுத் தொழில் அறிக்கை சொன்னது. ஆணுக்கும் அதே ஒன்றரை நாள்தான். அரசின் இணைய அடையாளக் கணக்கான சிங்பாஸ் இருந்தால், தொழில்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் இணையத்தளத்தில் பெயருக்கு 15 சிங்கப்பூர் வெள்ளி, ஒருவரே உரிமையாளராக இருக்கும் தனியுரிமைத் தொழிலுக்கு ஓராண்டுக்கு 100 வெள்ளி கட்டிவிட்டு, உலையில் அரிசி வேகும் நேரத்தில்கூட முடித்துவிடலாம். அப்படியிருந்தும், தீபாவளிக்குப் பலகாரம் விற்கலாம் என்று ஆடியில் ஆரம்பித்த தோழி ஒருத்தி கார்த்திகை வரை காத்திருந்தாள்.

முதல் சிக்கல் பெயர். பள்ளி, வங்கி, சட்டம் போன்ற சொற்கள் பெயரில் வந்தால் அக்ரா அதைச் சம்பந்தப்பட்ட அமைச்சுக்கோ ஆணையத்துக்கோ அனுப்பிவிடும், பதில் வர 14 நாளிலிருந்து இரண்டு மாதம் வரை ஆகலாம். நாட்டிய வகுப்புக்கு ‘ஸ்கூல்’ என்று சேர்த்தால்தான் கௌரவம் என்று நினைக்காதீர்கள், வேறு நல்ல பெயர் எத்தனையோ இருக்கிறது. பெயர் கிடைத்ததும் 120 நாள்களுக்குள் பதிவை முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. இன்னொன்று, அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயரிலேயே தனியாளாகத் தொழில் செய்தால் பதிவே தேவையில்லை. ஆனால் அதோடு ‘டெய்லரிங்’ என்று ஒரு சொல் சேர்த்தாலும் பதிவு வேண்டும்.

அடுத்தது எனக்கு மனம் பொறுக்காத விஷயம். “அவர் பேர்லயே போட்டுடலாம், சுலபமா முடிஞ்சிடும்” என்று கணவர் பெயரிலோ அண்ணன் பெயரிலோ பதிவு செய்துவிட்டு, மாவு அரைப்பதிலிருந்து பொட்டலம் கட்டுவது வரை எல்லாம் நம் பெண்கள் செய்வது. பதிவில் ஒரு நாள்கூட இதனால் மிச்சமாகாது, ஏனென்றால் பெண்ணுக்கென்று அங்கே கூடுதல் படிவமோ கணவரின் கையெழுத்தோ யாரும் கேட்பதில்லை. பின்னால் கடன் கேட்கும்போதும், வருமானம் காட்ட வேண்டியபோதும், தொழில் யாருடையது என்ற பேச்சு வரும்போதும், பதிவில் இருக்கும் பெயருக்குத்தான் மதிப்பு. உங்கள் தொழில் என்றால் உங்கள் பெயரைப் போடுங்கள்.

சார்ந்திருப்போர் அட்டையில் இருப்பவர்கள், அதாவது ஊரிலிருந்து கணவரோடு வந்து டிபியில் இருக்கும் நம் பெண்கள், இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். அக்ராவில் பதிவு ஆகிவிட்டது என்பதால் வேலை செய்ய அனுமதி கிடைத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. 2021 மே மாதத்திலிருந்து டிபி வைத்திருப்பவர்கள் வேலைக்குப் போக வேலை அனுமதி அட்டை வேண்டும். சொந்தத் தொழில் என்றால் மனிதவள அமைச்சிடம் இசைவுக் கடிதம் கேட்கலாம், அதற்குத் தனியுரிமையாளராகவோ பங்காளியாகவோ, நிறுவனம் என்றால் குறைந்தது 30 விழுக்காடு பங்கு வைத்திருக்கும் இயக்குநராகவோ இருக்க வேண்டும். கடிதத்தைப் புதுப்பிக்கும்போது சிங்கப்பூரர் அல்லது நிரந்தரவாசி ஒருவரையாவது வேலைக்கு வைத்து, அமைச்சு குறித்திருக்கும் குறைந்தபட்சச் சம்பளமும் மத்திய சேம நிதிச் சந்தாவும் மூன்று மாதமாவது கொடுத்திருக்க வேண்டும். அந்தச் செலவை முதல் நாளே கணக்கில் எழுதிவிடுங்கள். “வீட்டில்தானே செய்கிறேன், யாருக்குத் தெரியும்” என்று கடிதம் வருவதற்கு முன் ஆர்டர் எடுக்காதீர்கள், குடும்பத்தின் அட்டைக்கே வினையாகிவிடும்.

தனியுரிமையா, பிரைவேட் லிமிடெட் நிறுவனமா என்பதை விலையை மட்டும் பார்த்து முடிவு செய்வதும் தவறு. நிறுவனத்துக்கு 315 வெள்ளி ஆகும், ஆறு மாதத்துக்குள் செயலாளரை நியமிக்க வேண்டும், நீங்கள் மட்டுமே இயக்குநர் என்றால் நீங்களே செயலாளராக இருக்க முடியாது. தனியுரிமையில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் தொழிலில் கடன் வந்தால் வீட்டுச் சேமிப்பும் நகையும் சேர்ந்து போகும். முறுக்கு விற்க நிறுவனம் அதிகப்படிதான், பெரிய ஒப்பந்தம் எடுத்துக் கேட்டரிங் செய்யப்போனால் தனியுரிமை ஆபத்து.

ஏற்கெனவே சுயதொழில் செய்து மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பான மெடிசேவில் பாக்கி வைத்திருந்தால், அதைக் கட்டாமல் புதுப் பதிவு நகராது. முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைப் பொறுத்தவரை, வீட்டில் கேக் செய்வது, தைப்பது, மூன்று பிள்ளைகள் வரை டியூஷன் எடுப்பது ஆகியவற்றுக்குத் தனி அனுமதி வேண்டாம். வீட்டை அலுவலகமாகப் பயன்படுத்த வீவகவிடம் 20 வெள்ளி கட்டி விண்ணப்பிக்க வேண்டும். கேட்டரிங் என்று வந்தால் சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் வேண்டும், 10 பேர் அல்லது அதற்கு மேல் படிக்கும் டியூஷன் நிலையம் என்றால் கல்வி அமைச்சில் பதிவு. உண்மையில் மாதங்களைத் தின்பது இந்த உரிமங்கள்தான், அதனால் கடைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அரசின் கோபிசினஸ் தளத்தில் உங்கள் தொழிலுக்கு எவை தேவை என்று பாருங்கள்.

அப்புறம் வங்கிக் கணக்கு. பதிவு முடிந்த அன்றே விண்ணப்பியுங்கள், சில வாரங்களும் ஆகலாம். அதுவரை வரும் பணத்தைக் கணவரின் பேநவ் (உடனடிப் பணமாற்றுச் சேவை) வழியாக வாங்காதீர்கள். தொழிலுக்கான பேநவ் உங்கள் பதிவு எண்ணோடுதான் இணையும், கணக்கு திறந்த பிறகு அதை அட்டையில் அச்சடித்து வாடிக்கையாளரிடம் கொடுக்கலாம்.