சர்வதேச வணிகச் சட்டம் படிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

திருப்பூர் நிறுவனம் ஒன்று ஹாம்பர்க் வியாபாரிக்கு 40,000 டி-ஷர்ட் விற்கிறது. விலை எஃப்.ஓ.பி. தூத்துக்குடி, அதாவது அங்கே கப்பலில் ஏற்றித் தருவதுவரை விற்பவர் பொறுப்பு. பணம் எல்.சி. மூலம், அதாவது குறித்த ஆவணங்களைக் கொடுத்தால் பணம் தருவதாக வங்கி தரும் உறுதிக் கடிதம். தகராறு வந்தால் சிங்கப்பூரில் நடுவர் விசாரணை. தேர்வுக் கேள்வி பெரும்பாலும் இந்த அச்சில்தான் வரும். விற்பனைச் சட்டம், எஃப்.ஓ.பி. போன்ற சொற்களை விளக்கும் இன்கோடெர்ம்ஸ், வங்கி விதிகள், கப்பல் சரக்குச் சட்டம், நடுவர் சட்டம் எல்லாம் இந்த ஒரே பேரத்துக்குள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது, எந்த வழியாக இந்தப் பேரத்துக்குள் நுழைகிறது என்று கேட்காமல் எழுதத் தொடங்குவதுதான் மற்றத் தவறுகளுக்கெல்லாம் தாய்.

முதல் குழப்பம் பாடத்தின் பெயரிலேயே இருக்கிறது. உலக வர்த்தக அமைப்பும் சுங்கவரி, வர்த்தகம் பற்றிய காட் ஒப்பந்தமும் அரசுகளைக் கட்டுப்படுத்துபவை. சரக்கு மட்டமாக வந்தது என்று ஹாம்பர்க்காரர் காட் ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போட முடியாது. விடைத்தாளின் முதல் பக்கத்தை அதற்குச் செலவழித்தால் அந்தப் பக்கம் வீண்.

இந்தியா உறுப்பு நாடு இல்லையே, பிறகென்ன?

1980இல் வியன்னாவில் உருவாகி 1988 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள சரக்கு விற்பனை உடன்படிக்கையைச் சுருக்கமாக சி.ஐ.எஸ்.ஜி. என்பார்கள். இந்தியா அதில் சேரவில்லை. அதனால் 'இந்தியருக்கு இது பொருந்தாது' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இந்தத் தவறுக்குத்தான் அதிக மதிப்பெண் பறிபோகிறது.

வரிசையாகப் பாருங்கள். 1(1)(அ) ஷரத்துப்படி இரு தரப்பின் வணிக இடங்களும் உறுப்பு நாடுகளில் இருக்க வேண்டும். இந்தியா இல்லாததால் அந்தக் கதவு மூடியிருக்கிறது. அடுத்தது 1(1)(ஆ): சட்ட முரண் விதிகள் (எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று சொல்லும் விதிகள்) ஓர் உறுப்பு நாட்டின் சட்டத்தை நோக்கிக் கைகாட்டினாலும் உடன்படிக்கை பொருந்தும். ஒப்பந்தத்தில் 'ஜெர்மன் சட்டம் பொருந்தும்' என்று ஒரு வரி இருந்தால் போதும், சி.ஐ.எஸ்.ஜி. உள்ளே வந்துவிடும், ஏனென்றால் அது ஜெர்மன் சட்டத்தின் ஒரு பகுதி. ஜெர்மன் சிவில் சட்டம் மட்டும் வேண்டும் என்றால், சி.ஐ.எஸ்.ஜி. பொருந்தாது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். 6ஆவது ஷரத்து அதற்கு இடம் தருகிறது. இங்கிலாந்துச் சட்டத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் இந்தக் கவலையே இல்லை, பிரிட்டனும் உறுப்பு நாடு அல்ல.

எந்தச் சட்டம் என்று ஒப்பந்தம் வாயே திறக்காவிட்டால்? வழக்கு ஜெர்மன் நீதிமன்றத்தில் என்றால் ஐரோப்பாவின் ரோம்-1 விதி விற்பவரின் நாட்டுச் சட்டத்தைக் காட்டும். டி-ஷர்ட் பேரத்தில் விற்பவர் திருப்பூர்க்காரர், ஆகவே இந்தியாவின் 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டமும் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் பொருந்தும். அதே திருப்பூர்க்காரர் ஜெர்மனியிலிருந்து பின்னல் இயந்திரம் வாங்கினால் விற்பவர் ஜெர்மானியர், சி.ஐ.எஸ்.ஜி. வந்துவிடும். பேரத்தின் திசை மாறினால் சட்டமும் மாறுகிறது.

உள்ளே நுழைந்தபின் இன்னொரு சறுக்கல்: நம் சட்டக் கண்ணாடியோடு உடன்படிக்கையை வாசிப்பது. இந்தியச் சட்டத்தில் 'கண்டிஷன்' என்ற முக்கிய நிபந்தனை மீறப்பட்டால் சரக்கை நிராகரிக்கலாம், 'வாரண்டி' என்ற துணை நிபந்தனை மீறப்பட்டால் நஷ்டஈடு மட்டுமே. சி.ஐ.எஸ்.ஜி.யில் அந்தப் பாகுபாடே கிடையாது. சரக்கில் குறை என்று சொல்லி ஒப்பந்தத்தை முறிக்க வேண்டுமானால், அந்த மீறல் 25ஆவது ஷரத்துப்படி அடிப்படை மீறலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விலைக் குறைப்பு, நஷ்டஈடு, பழுது நீக்கம் போன்றவைதான். இதற்கு நல்ல பயிற்சி, 1995 மார்ச் 8 அன்று ஜெர்மன் உச்ச நீதிமன்றம் தீர்த்த மட்டி வழக்கு. சுவிட்சர்லாந்து விற்பனையாளர் அனுப்பிய நியூசிலாந்து மட்டியில் காட்மியம், ஜெர்மன் சுகாதாரத் துறை பரிந்துரைத்த அளவைவிட அதிகம். வாங்கியவரின் நாட்டு விதிகளை விற்பவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று பொதுவாக எதிர்பார்க்க முடியாது என்றது நீதிமன்றம். வாங்கியவர் தோற்றார். அதே வழக்கில் பேக்கிங் குறை பற்றிய புகாரும் தாமதமாக வந்தது என்று தள்ளப்பட்டது.

அந்தத் தாமதம் 39ஆவது ஷரத்துக்குரியது. 'குறையைச் சொல்ல 2 ஆண்டு அவகாசம்' என்று எழுதுபவர்கள் ஏராளம். குறையைக் கண்ட, அல்லது கண்டிருக்க வேண்டிய நாளிலிருந்து நியாயமான காலத்துக்குள் சொல்லியாக வேண்டும் என்பதே விதி. 2 ஆண்டு என்பது அதற்கு மேல் போகவே முடியாத கடைசி எல்லை.

எஃப்.ஓ.பி.யும் கன்டெய்னரும்

இன்கோடெர்ம்ஸ் சட்டம் அல்ல. பாரிஸில் உள்ள சர்வதேச வணிகச் சபை வெளியிடும் 11 சொற்களின் தொகுப்பு, ஒப்பந்தத்தில் எழுதினால்தான் கட்டுப்படுத்தும். செலவு, அபாயம், ஒப்படைப்பு ஆகியவற்றைச் சொல்லும். சரக்கின் உரிமை எப்போது கைமாறும், ஒப்பந்தம் மீறப்பட்டால் என்ன பரிகாரம் என்றெல்லாம் சொல்லாது. 'எஃப்.ஓ.பி. என்பதால் உரிமை கப்பலில் ஏற்றியதும் மாறியது' என்று எழுதினால், ஆதாரமே இல்லாத இடத்தில் ஆதாரம் காட்டுகிறீர்கள்.

ஏற்றுமதியாளர்களும் இதே இடத்தில் இடறுவதுண்டு. கன்டெய்னரைத் துறைமுகத்துக்கு வெளியே உள்ள சி.எஃப்.எஸ். என்ற கன்டெய்னர் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, தன் பொறுப்பு தீர்ந்தது என்று நினைப்பார்கள். எஃப்.ஓ.பி.யில் கப்பலின் மேல் சரக்கு ஏறும்வரை அபாயம் விற்பவருடையது. யார்டில் கன்டெய்னர் கவிழ்ந்தால் நஷ்டம் அவர் தலையில். கன்டெய்னர் சரக்குக்குப் பொருத்தமானது எஃப்.சி.ஏ., அதாவது சரக்கைக் கொண்டுசெல்பவரிடம் ஒப்படைத்ததும் அபாயம் மாறும் சொல். 'இன்கோடெர்ம்ஸ் 2020' என்று பதிப்பு ஆண்டையும் எழுதுங்கள். அமெரிக்க வணிகச் சட்டத்தில் எஃப்.ஓ.பி.க்கு வேறு பொருள் உண்டு, லாரிக்கும் அதைப் பயன்படுத்துவார்கள்.

சி.ஐ.எஃப்.பில் (சரக்கு விலையோடு காப்பீடும் கப்பல் கட்டணமும் சேர்ந்தது) விற்பவர் கட்டணம் கட்டுவது சேரும் துறைமுகம்வரை, அபாயம் மாறுவது ஏற்றும் துறைமுகத்தில். இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

எல்.சி.: வங்கி பார்ப்பது காகிதம்

எல்.சி.க்காகச் சர்வதேச வணிகச் சபை வெளியிட்ட யு.சி.பி. 600 விதிகள் 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. எல்.சி.யில் 'யு.சி.பி. 600க்கு உட்பட்டது' என்று இருக்க வேண்டும். இதில் வங்கிக்குச் சரக்கைப் பற்றி அக்கறையே இல்லை. துணி சாயம் போகிறது என்று ஹாம்பர்க்காரர் கத்தினாலும், ஆவணங்கள் சரியாக இருந்தால் வங்கி பணம் கொடுத்தாக வேண்டும். விலக்கு, மோசடி. அதற்கு 1941இல் நியூயார்க்கில் வந்த ஸ்டெய்ன் வழக்கையும், 1987இல் நம் உச்ச நீதிமன்றம் தீர்த்த உத்தரப் பிரதேச கூட்டுறவுச் சம்மேளன வழக்கையும் சேர்த்துப் படிக்கலாம்.

எல்.சி.யில் 40,000 பீஸ், பகுதி ஷிப்மென்ட் கூடாது. அனுப்பியது 39,500. 'குறைவு 1.25% தான், 30ஆவது ஷரத்து 5% சலுகை தருகிறதே' என்று எழுதுவார்கள். எண்ணிக்கையில் குறித்த சரக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. அதே எல்.சி. நூலுக்காகக் கிலோ கணக்கில் இருந்தால் சலுகை உண்டு. அளவுக்கு முன்னால் 'ஏறக்குறைய' என்ற சொல் இருந்தால் 10% வரை கூடலாம், குறையலாம்.

எல்லா ஆவணத்திலும் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் தவறு. வணிக இன்வாய்ஸின் சரக்கு விவரம்தான் எல்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும். பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டு) பொதுவாக 'ஆடைகள்' என்று இருந்தாலும், முரண் இல்லாதவரை சரி. வங்கிக்குப் பரிசோதிக்க 5 வங்கி நாட்கள். மறுப்பதென்றால் எல்லாக் குறைகளையும் ஒரே அறிவிப்பில் சொல்ல வேண்டும். விட்டதைப் பிறகு சேர்க்க முடியாது.

சிங்கப்பூர் என்றால் என்ன அர்த்தம்?

நடுவர் விசாரணையில் சீட் வேறு, வென்யூ வேறு. வென்யூ என்பது உட்கார்ந்து பேசும் ஊர். சீட் என்பது எந்த நாட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்துசெய்யலாம் என்பதைத் தீர்மானிக்கும் சட்ட இருப்பிடம். வெளிநாட்டு சீட் என்றால் இந்தியாவின் 1996ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தின் முதல் பகுதி பொருந்தாது என்று 2012 செப்டம்பர் 6 அன்று பால்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அந்தத் தேதிக்குப் பிந்தைய ஒப்பந்தங்களுக்கு. வெளிநாட்டு சீட் இருந்தாலும் முதல் பகுதி பொதுவாகப் பொருந்தும் என்ற 2002இன் பாட்டியா வழக்கை இன்றும் நடப்புச் சட்டமாக எழுதும் நோட்ஸ்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 2015 திருத்தத்துக்குப் பின், வெளிநாட்டு சீட் இருந்தாலும் 9ஆவது பிரிவின் இடைக்கால நிவாரணத்தை இங்கே கேட்கலாம் என்பதையும் அவை சொல்வதில்லை.

நீதிமன்றத் தீர்ப்பையும் நடுவர் தீர்ப்பையும் ஒரே தட்டில் வைப்பதும் பிழை. ஜெர்மனி, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44அ பிரிவில் (வெளிநாட்டு நீதிமன்றத் தீர்ப்பை நேரடியாக நிறைவேற்ற வழிசெய்வது) அறிவிக்கப்பட்ட நாடு அல்ல. அங்குள்ள நீதிமன்றத் தீர்ப்பை வைத்து இங்கே புதிதாக வழக்குத் தொடுக்க வேண்டும். அதே ஜெர்மனியில் வந்த நடுவர் தீர்ப்பை 1958 நியூயார்க் உடன்படிக்கையின் வழியாக நேரடியாக நிறைவேற்றலாம். சிங்கப்பூருக்கு இரண்டு வழியும் திறந்திருக்கிறது.

பழைய நோட்ஸ் பற்றி ஒன்று. பில் ஆஃப் லேடிங் குறித்த 1856ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும், கடல்வழிச் சரக்கு குறித்த 1925ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் பதிலாக 2025இல் நாடாளுமன்றம் புதிய சட்டங்களை நிறைவேற்றியது. சி.ஐ.எஸ்.ஜி. உறுப்பு நாடுகளின் பட்டியலும் அப்படியே நிற்பதில்லை. 2020இல் போர்ச்சுகல் சேர்ந்தது. அன்சிட்ரல் என்ற ஐ.நா. வணிகச் சட்ட ஆணையத்தின் இணையதளத்தில் அந்தப் பட்டியலும் பல நாட்டுத் தீர்ப்புகளின் சுருக்கங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு நாட்டை உறுப்பினர் என்று எழுதுமுன் அங்கே ஒரு நிமிடம் பார்த்துவிடுங்கள்.