பேட் செக்டர் சோதனை: அவசரத்தில் செய்யும் தவறுகள்

ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஃபோல்டரைத் திறந்தால் பச்சைக்கோடு ஊர்ந்துகொண்டே இருக்கிறது. தீபாவளிப் படங்களில் நான்கைந்து மட்டும் திறக்கவே இல்லை. டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு கட்டங்களான செக்டர்களில் சில பழுதாகியிருக்கலாம்; அவைதான் பேட் செக்டர். இந்த நிலையில் பலர் முதலில் ஓட்டுவது விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கட்டளையான செக்டிஸ்க் (chkdsk), அதுவும் ஸ்லாஷ் ஆர் (/r) சேர்த்து. தவறுகளில் பெரியது அதுதான்.

ஸ்லாஷ் ஆர் டிஸ்க் முழுவதையும் படித்துப் பார்க்கும். 4 டெராபைட் டிஸ்க்கை விநாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் படித்தாலே ஏழரை மணி நேரம் ஆகும். பழுதான இடத்தில் டிஸ்க் திரும்பத் திரும்ப முயலும் என்பதால் நேரம் இன்னும் இழுக்கும், பாதியிலேயே டிஸ்க் படுத்துவிடவும் கூடும். தவிர, செக்டிஸ்க் சரிசெய்வது கோப்பு அமைப்பைத்தான், உங்கள் படங்களை அல்ல. படிக்க முடியாத துண்டை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை ஒட்டவைக்கும். ஒதுக்கிய துண்டு போனது போனதுதான்.

எனவே முதலில் ஸ்மார்ட் (SMART) விவரங்கள், அதாவது டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவுகள்; பிறகு நகல், கடைசியில்தான் சோதனை.

ஸ்மார்ட் பார்க்க ஒரு நிமிடம் போதும், டிஸ்க்குக்கும் சுமை இல்லை. விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல். மேலே 'நல்லது' என்று நீலத்தில் காட்டினால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளையும் படியுங்கள். 05 என்பது ஏற்கெனவே மாற்றிடம் தரப்பட்ட செக்டர்கள். சி5, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. சி6, டிஸ்க் தானே சோதித்தும் மீட்க முடியாதவை. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மூல மதிப்பை வழக்கமாகப் பதினாறடிமான எண்ணில் காட்டும். அங்கே 10 என்றிருந்தால் 16 என்று பொருள். தரவு கேபிள் வழி போகும்போது வந்த பிழைகளை எண்ணும் சி7 மட்டும் ஏறினால், டிஸ்க்கைச் சந்தேகிக்கும் முன் அதைக் கணினியோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். சில வெள்ளியில் தீர வேண்டிய கோளாறுக்காக டிஸ்க்கையே தூக்கிப் போடுபவர்கள் உண்டு. சி7 எண் குறையாது; கேபிளை மாற்றியபின் மேலும் ஏறுகிறதா என்பதுதான் கணக்கு.

நகல் எடுக்கும்போது எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போட்டால், படிக்க முடியாத கோப்பு வரும் ஒவ்வொரு முறையும் தொங்கி நிற்கும். கணினியை லினக்ஸ் யுஎஸ்பியில் துவக்கி, பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் கருவியான ஜிஎன்யு டிடிரெஸ்கியூ (ddrescue) பயன்படுத்துங்கள். முதல் ஓட்டத்தில் 'என்' (-n) தெரிவைச் சேர்த்தால் எளிதாகப் படிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிடும், அடம்பிடிக்கும் இடங்களை அடுத்த ஓட்டத்துக்கு விடலாம். எதுவரை படித்தாயிற்று என்று குறித்துவைக்கும் மேப் கோப்பைக் கட்டாயம் கொடுங்கள். அது இருந்தால்தான் நின்ற இடத்திலிருந்து தொடர முடியும். மூலம் எது, இலக்கு எது என்பதை லேபிளில் உள்ள சீரியல் எண்ணோடு ஒப்பிடுங்கள். இடம் மாறினால், மீட்க வேண்டிய படங்களே அழியும்.

டிஸ்க் 'டக் டக்' என்று தட்டினால் எந்த மென்பொருளும் வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தரவு மீட்பு ஆய்வகத்திடம் கொடுங்கள். உறைபெட்டியில் வைக்கும் பழைய வைத்தியம் சிங்கப்பூர் ஈரப்பதத்தில் இன்னும் மோசம்: வெளியே எடுத்ததும் டிஸ்க் வியர்த்துவிடும்.

நகல் பத்திரமாகிவிட்டதா? இனிச் சோதிக்கலாம். குவிக் ஃபார்மட் எதையும் சோதிக்காது. விண்டோஸ் ஃபார்மட் திரையில் குவிக் ஃபார்மட்டுக்கான டிக் குறியை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்தால் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதப்படும். எழுதும்போதுதான் சி5 செக்டர்களுக்கு முடிவு வரும்: எழுத முடிந்தால் எண் குறையும், முடியாவிட்டால் 05 ஏறும். திடீர் மின்வெட்டால் வந்த பிழை பெரும்பாலும் இப்படியே தீர்ந்துவிடும். வாராவாரம் 05 ஏறும் டிஸ்க்கை டிவி சீரியல்களைச் சேமித்துப் பார்ப்பதற்குக்கூட வைத்துக்கொள்ளாதீர்கள். லினக்ஸின் சோதனைக் கருவியான பேட்பிளாக்ஸை (badblocks) 'டபிள்யூ' (-w) தெரிவோடு ஓட்டுபவர்கள் இரண்டு விஷயங்களை நினைவில் வைக்கவேண்டும்: எல்லாம் அழியும், நான்கு வடிவங்களை எழுதிப் படிப்பதால் 4 டெராபைட்டுக்கு ஏறத்தாழ இரண்டரை நாள் ஆகும்.

அத்தனை நேரமும் டிஸ்க் சூடாகவே இருக்கும். வீவக வீட்டில் டிவி அலமாரிக்குள் அடைத்துவைத்து ஓட்டாதீர்கள். வெளியே எடுத்து மேசைமேல் வைத்து விசிறியைத் திருப்பிவிடுங்கள். 50 டிகிரியைத் தாண்டினால் நிறுத்துவது நல்லது. மடிக்கணினியின் ஸ்லீப்பையும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் நள்ளிரவில் சோதனை நின்றுபோகும்.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு இந்த எழுதும் சோதனைகள் வீண் தேய்மானம். ஸ்மார்ட்டில் மீதமுள்ள ஆயுளைப் பார்த்தால் போதும்.

பழைய டிஸ்க்கை சிம் லிம் ஸ்குவேர் கடையில் வாங்கினாலும் தனிநபரிடம் வாங்கினாலும், பணம் கொடுக்குமுன் ஸ்மார்ட் படத்தைக் கேளுங்கள். 09 வரியில் ஓடிய மணிநேரம் தெரியும். வீட்டுக்கு வந்ததும் ஸ்மார்ட்டின் நீண்ட சுயசோதனையை ஓட்டுங்கள். குறையுள்ள பொருளை வாங்கியவரைப் பாதுகாக்க 2012 செப்டம்பரில் சிங்கப்பூரில் நடப்புக்கு வந்த லெமன் சட்டத்தின்படி, கடையில் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, கைக்கு வந்தபோதே இருந்ததாகப் பொதுவாகக் கருதப்படும். பழைய பொருளுக்கும் இது உண்டு. தனிநபரிடம் வாங்கியதற்கு இல்லை.