மன்னார் காஸ், மெகாவாட், பரல்: நாம் போட்டுக் குழப்பும் சொற்கள்

மன்னார்க் கடலில் காஸ் என்று ஒரு செய்தி வந்தால் போதும், வவுனியா தேநீர்க்கடைகளில் சிலிண்டர் விலை உடனே பாதியாகிவிடும். அந்தக் கதையில் இரண்டு தவறுகள் இருக்கின்றன.

2011இல் கெய்ர்ன் நிறுவனம் மன்னார்ப் படுகையில் டொராடோ, பராகுடா என்ற இரு கிணறுகளில் இயற்கை வாயுவைக் கண்டது. அது கண்டுபிடிப்பு மட்டுமே. எடுத்து விற்றால் செலவு போக மிஞ்சும் என்று கணக்குக் காட்டிய அளவைத்தான் கையிருப்பு என்பார்கள். நிறுவனம் 2015இல் வெளியேறிவிட்டது. எனவே யாராவது கோடிக்கணக்கில் டொலர் கணக்குச் சொன்னால், அது வெறும் மதிப்பீடா, எடுக்கக்கூடிய அளவா என்று கேளுங்கள்.

அடுத்தது, இயற்கை வாயு பெரும்பாலும் மீதேன். நம் 12.5 கிலோ சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். இவை ஓரளவு அழுத்தினாலே திரவமாகும். மீதேனுக்கோ பூச்சியத்துக்குக் கீழே 162 பாகை செல்சியஸ் குளிர் வேண்டும். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படியும். மேல் யன்னலை மட்டும் திறந்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். கதவைத் திறவுங்கள், சுவிட்சைத் தொடாதீர்கள்.

காசைக் கரைப்பது என்னவோ கிலோவாட், யூனிட் குழப்பம்தான். கிலோவாட் என்பது வலுவின் அளவு, ஒரு கிலோவாட் வலு ஒரு மணிநேரம் ஓடினால் ஒரு யூனிட். தோட்டக் கிணற்றில் 2 குதிரைவலு மோட்டர் மூன்று மணிநேரம் இறைத்தால் சுமார் நாலரை யூனிட், இழப்பையும் சேர்த்தால் இன்னும் கூடும். கூரையில் 5 கிலோவாட் சோலார் போட்டவர் நாளுக்கு 120 யூனிட் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இரவில் வெயில் ஏது? நல்ல நாளிலும் 20 யூனிட் அளவில்தான் வரும். மன்னார்த் தீவின் 30 காற்றாலைகளுக்குச் சொல்லும் 103.5 மெகாவாட்டும் உச்ச வலுதான். சோளகம் நன்றாக வீசும் மாதங்களிலும் அது எந்நேரமும் கிடைக்காது.

உலகச் சந்தைப் பரல் நம் வளவில் கிடக்கும் 200 லீற்றர் இரும்புப் பரல் அல்ல. அது சுமார் 159 லீற்றர் கச்சா எண்ணெய். அதிலிருந்து பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய் எல்லாம் பிரிய வேண்டும். ஆகவே பரல் விலையை 159ஆல் பிரித்து, "பார், பெற்றோல் இவ்வளவு மலிவு" என்று சண்டை பிடிக்காதீர்கள்.

அப்புறம் பெற்றோலுக்குச் சொல்லும் ஒக்டேன் எண். 95 என்பது கூடுதல் வலு அல்ல, எஞ்சினுக்குள் நேரங்கெட்டுத் தீப்பற்றாமல் தாங்கும் அளவு. மோட்டர்சைக்கிள் கைநூலில் 92 போதும் என்றிருந்தால் 92 போதும்.