கிளையன்ட் கணக்கைக் கடைவிரிக்காதீர்கள்: எஸ்இஓ வேலைக்காரர்கள் லிங்க்ட்இன்னில் செய்யும் தவறுகள்

பாளையங்கோட்டையில் கல்லூரியை முடித்துவிட்டு எஸ்இஓ (கூகுள் தேடலில் ஒரு தளத்தை மேலே கொண்டுவரும் வேலை), கூகுள் ஆட்ஸ் (கூகுளில் விளம்பரம் கொடுப்பது) என்று இறங்கும் பிள்ளைகள், வேலை தேட உதவும் லிங்க்ட்இன் தளத்தில் உள்ள தங்கள் புரொஃபைலை எனக்கு அனுப்பி, "அண்ணே, ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க" என்பார்கள். பார்க்கிறேன். எங்கள் செட் ஆட்கள் செய்த அதே தவறுகள் கொஞ்சமும் மாறாமல் இருக்கின்றன. போட்டோ தெளிவாக இருக்கட்டும், எழுத்துப்பிழை வேண்டாம் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். தேடல் தொழிலில் இருப்பவர்கள் மட்டும் விழுகிற குழிகளைச் சொல்கிறேன்.

ஹெட்லைனில் ஆர்வத்தை எழுதுவது

பெயருக்குக் கீழே 220 எழுத்து வரை இடம் இருக்கிறது. அதில் "டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஆர்வலர், தினம் தினம் கற்பவன்" என்று எழுதுகிறார்கள். ஆள் தேடுகிறவர் அப்படியா தேடுவார்? "எஸ்இஓ எக்ஸிகியூட்டிவ்", "கூகுள் ஆட்ஸ்", "லோக்கல் எஸ்இஓ" என்றுதான் அடிப்பார். கிளையன்ட் தளத்துக்கு நாள் முழுக்க கீவேர்ட் தேடுகிற நாம், நம் ஹெட்லைனுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்க வேண்டாமா? செய்யும் வேலையின் பெயரை முதலில் வையுங்கள். போனில் பார்க்கும்போது பின்பாதி வெட்டுப்பட்டுவிடும்.

ஊரை மறைப்பது

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு ஊர் என்ற இடத்தில் சென்னை, பெங்களூரு என்று போட வேண்டாம். முதல் போனிலேயே உண்மை வெளிவந்துவிடும். அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார். தென்காசியிலோ சங்கரன்கோவிலிலோ கடை வைத்திருப்பவருக்கு, நேரில் வந்து பேசக்கூடிய ஆள் கிடைப்பது பெரிய விஷயம். நம்மூர்க்காரர்கள் ஒரு பொருளைத் தமிழ் எழுத்தில் எப்படித் தேடுவார்கள், தங்கிலீஷில் எப்படித் தட்டுவார்கள் என்பது நமக்குத் தெரியும். திருநெல்வேலி என்றே போடுங்கள்.

கிளையன்டின் ஸ்கிரீன்ஷாட்டை மாட்டி வைப்பது

இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு எரிச்சல் வரவழைக்கும் தவறு இதுதான். ஒரு தளம் கூகுள் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் கருவியான சர்ச் கன்சோலைத் திறக்க வேண்டியது, மேலே ஏறும் நீலக்கோட்டைப் படம் பிடிக்க வேண்டியது, "300 சதவீத வளர்ச்சி" என்று எழுதி புரொஃபைலின் உச்சியில் ஒட்ட வேண்டியது. வேலை செய்ததற்கு ஆதாரம் என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தப் படத்தில் இருப்பது கிளையன்டின் வியாபாரம்.

பத்தமடைப் பாயை வாங்கி ஆன்லைனில் விற்கிற ஒரு அண்ணாச்சி இருக்கிறார். பெயர் நெய்த கல்யாணப் பாய்தான் அவருக்கு முக்கியமான வியாபாரம். அவருடைய தளத்தைப் பார்த்துக்கொண்ட பையன் கெட்டிக்காரன், வேலையும் சுத்தம். எந்தெந்தச் சொல்லுக்கு வாங்குகிற ஆட்கள் வருகிறார்கள் என்று பொறுமையாகக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் தனிப்பக்கம் போட்டுக் கொடுத்திருந்தான். பலன் வந்ததும், வரைபடத்தோடு கீழே இருந்த தேடல் சொற்களின் அட்டவணையையும் சேர்த்துப் படமெடுத்துப் போட்டுவிட்டான். எந்தச் சொல், அதற்கு எத்தனை கிளிக், எத்தனை இம்ப்ரெஷன் (தேடலில் எத்தனை தடவை கண்ணில் பட்டது), எல்லாம் வரிசையாக இருந்தன. தள முகவரியை மட்டும் கறுப்பு அடித்து மறைத்திருந்தான்.

கொஞ்ச நாளில் இன்னொரு பாய் விற்பனையாளர் அதே சொற்களுக்கு, அதே வரிசையில் பக்கங்கள் போட்டார். அவற்றுக்கே கூகுள் விளம்பரமும் கொடுத்தார். அண்ணாச்சிக்கு விஷயம் தெரிந்ததும் பையனைக் கூப்பிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார்: "தம்பி, என் கணக்குப் புஸ்தகத்தக் கொண்டுபோயி ரதவீதியில விரிச்சு வச்சிட்டியளே." அதோடு வேலை போயிற்று. அவர் சொல்லி வரவிருந்த மற்ற கடைகளும் வரவில்லை. நம்மூர் வியாபாரம் வாய்வார்த்தையில் நடப்பது. ஒருவர் கதவைச் சாத்தினால் அந்தத் தெருவே சாத்திவிடும்.

"அதான் பெயரை மறைத்துவிட்டோமே" என்று கேட்பார்கள். எதை மறைத்தீர்கள்? சர்ச் கன்சோலில் மேலே இருக்கும் தளப்பெயரை அழித்துவிட்டு, பிரவுசரின் முகவரிப் பட்டையை அப்படியே விட்டிருப்பீர்கள். அந்த நீண்ட முகவரிக்குள்ளேயே டொமைன் பெயர் இருக்கும். போனில் ஹைலைட்டர் பேனாவால் கறுப்பு அடித்தால் அது முழுதாக மறைக்காது. பிரைட்னஸை ஏற்றினால் அடியில் இருக்கும் எழுத்து தெரியும். கூகுள் ஆட்ஸ் படம் என்றால் இன்னும் மோசம்: மூலையில் பத்து இலக்கக் கணக்கு எண், நடுவில் தினசரி பட்ஜெட், ஒரு கிளிக்குக்குக் கொடுக்கும் விலை. போட்டிக்காரருக்கு வேறென்ன வேண்டும்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த 300 சதவீதத்தை விஷயம் தெரிந்த எவரும் மதிக்கமாட்டார். 10 கிளிக் 40 ஆனாலும் 300 சதவீதம்தான், 10,000 கிளிக் 40,000 ஆனாலும் 300 சதவீதம்தான். எதிலிருந்து ஏறியது என்று சொல்லாத சதவீதத்துக்கு மதிப்பே இல்லை. எந்த மாதம் என்பதும் முக்கியம். குற்றாலத்து லாட்ஜ் ஒன்றுக்கு மார்ச்சையும் ஜூலையையும் ஒப்பிட்டுக் காட்டுகிறார்கள். சாரல் விழ ஆரம்பித்தால் தேடல் தானாக ஏறும். அந்த ஏற்றம் சீசன் கொடுத்தது. போன வருஷம் ஜூலையையும் இந்த வருஷம் ஜூலையையும் வைத்துப் பாருங்கள். சர்ச் கன்சோல் 16 மாதக் கணக்கு வைத்திருக்கிறது, அதற்கு அது போதும். கடையின் பெயரையே அடித்து வந்தவர்களையும் கழித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதுதான் உங்கள் உழைப்பு.

சரி, ஆதாரத்துக்கு என்ன செய்வது? கிளையன்டிடம் கேளுங்கள். எதைப் போடப்போகிறீர்களோ அதையே வாட்ஸப்பில் அனுப்பி, "இதைப் போடலாமா?" என்று எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மறுத்தால் பெயரும் எண்ணும் இல்லாமல் வேலையைச் சொல்லுங்கள். "கைவினைப் பொருள் கடை. ஒரே பொருளுக்கு நான்கு பக்கங்கள் தேடலில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. அவற்றை ஒன்றாக்கி, பழைய முகவரிகளை 301 ரீடைரக்ட் செய்தேன்" என்று எழுதினால் போதும். (பழைய முகவரிக்கு வருபவரை நிரந்தரமாகப் புதிய முகவரிக்கு அனுப்புவதுதான் 301 ரீடைரக்ட்.) என்ன கோளாறு, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், என்ன செய்தீர்கள் என்பது அதில் இருக்கிறது. ஆள் எடுப்பவர் அதைத்தான் படிப்பார்.

எண் காட்டியே ஆக வேண்டுமென்றால் சொந்தமாக ஒரு தளம் போடுங்கள். பாபநாசம், மணிமுத்தாறு போகிறவர்களுக்கு வழி சொல்லும் சின்னத் தளமாக இருந்தாலும் போதும். அதன் அட்டவணையை முழுதாகக் காட்டுங்கள், தப்பாய்ப் போன பக்கங்களையும் சேர்த்து. அது உங்கள் சொத்து, யாரும் கேட்கமாட்டார்கள்.

"முதலிடம் உத்தரவாதம்"

எழுதவே எழுதாதீர்கள். அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்லியிருக்கிறது.

காலாவதியான பெயர்கள்

ஆட்வேர்ட்ஸ் 2018-லேயே கூகுள் ஆட்ஸ் ஆகிவிட்டது. கூகுள் மேப்பில் கடையைக் காட்டும் கூகுள் மை பிசினஸ் 2021-ல் கூகுள் பிசினஸ் புரொஃபைல் ஆனது. தளத்துக்கு வருபவர்களை எண்ணும் பழைய கருவியான யுனிவர்சல் அனலிட்டிக்ஸின் சாதாரணக் கணக்குகள் 2023 ஜூலை 1-ஆம் தேதியோடு தரவு வாங்குவதை நிறுத்திக்கொண்டன. இவற்றை இன்னும் ஸ்கில் பட்டியலில் வைத்திருந்தால், இந்தத் தொழிலை விட்டு வருஷக்கணக்கில் விலகியிருந்தவர் போலத் தெரிவீர்கள். கூகுளின் பயிற்சித் தளமான ஸ்கில்ஷாப்பில் வாங்கிய கூகுள் ஆட்ஸ் சான்றிதழுக்கும் ஆயுள் 1 வருஷம்தான். தேர்வை மறுபடி எழுதுங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

நண்பர்கள் மாறி மாறி எழுதிய பரிந்துரை

ஒவ்வொரு பரிந்துரைக்கும் பக்கத்திலேயே தேதி தெரியும். ஒரே நாளில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டது பார்த்தவுடன் புரிந்துவிடும்.

கல்லூரி மெயிலில் கணக்கு

படிக்கும்போது கல்லூரி கொடுத்த மெயிலில் கணக்கைத் தொடங்கியிருப்பீர்கள். படிப்பு முடிந்து அந்த மெயிலை மூடிவிட்டால், பாஸ்வேர்டு மறந்த அன்றைக்கு மீட்கும் கடிதம் உங்கள் கைக்கு வராது. வேலை பார்க்கிற கம்பெனி மெயிலுக்கும் இதே கதிதான். செட்டிங்ஸுக்குப் போய் சொந்த மெயிலைச் சேர்த்து, அதை முதன்மையாக்கி, போன் எண்ணையும் கொடுத்துவிடுங்கள். இதை முடித்தபிறகு ஹெட்லைனை எடுத்துக்கொள்ளலாம்.