சூப்பர்சார்ஜரும் டர்போவும் ஒண்ணா மாட்டறப்ப பண்ணக்கூடாத தப்புங்க

ரெண்டோட வேலையும் இன்ஜினுக்குள்ள காத்த அமுக்கி தள்ளறதுதான், டர்போ எக்ஸாஸ்ட் புகையால சுத்தும், சூப்பர்சார்ஜர் இன்ஜின் பெல்ட்டால சுத்தும், அப்படி ஏறற பிரஷர்தான் பூஸ்ட். டர்போ லேக் (மிதிச்சதுக்கு அப்புறம் பூஸ்ட் தாமதமா வரது) தாங்கல, கூடவே ஒரு சூப்பர்சார்ஜரையும் மாட்டிட்டா கீழ் ஆர்பிஎம்ல அது இழுக்கும் மேல டர்போ இழுக்கும்னு கார் மாடிஃபிகேஷன் பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் சொல்லிடுவாங்க. ஐடியா தப்பில்ல. லான்சியா டெல்டா எஸ்4ங்கற ராலி கார் இதத்தான் பண்ணுச்சு, 1985ல பிரிட்டன்ல நடந்த ஆர்ஏசி ராலிதான் உலக ராலி சாம்பியன்ஷிப்ல அதுக்கு முதல் போட்டி, ஹென்றி டோய்வோனன் ஓட்டி அந்த முதல் போட்டியிலயே ஜெயிச்சாரு. அதோட இன்ஜின் 1759 சிசி. ஏன் அப்படி ஒரு நம்பர்னா, பூஸ்ட் இருக்கற இன்ஜினோட சைஸ 1.4ஆல பெருக்கித்தான் அப்ப க்ளாஸ் பிரிப்பாங்க, 1759ஐ பெருக்கினா 2463, அதாவது 2500க்குள்ள அடங்கிடும். சார்ஜர் ஒண்ணு போட்டாலும் ரெண்டு போட்டாலும் அதே 1.4தான், ஆக அவங்களுக்கு ரெண்டாவது ஓசி. ரோட்டுல ஓடற வண்டிக்கு அது ஓசி கிடையாது.

முதல் தப்பு, லேக் எது லேக் இல்லாதது எதுன்னு தெரியாமலே செலவுல இறங்கறது. அஞ்சாவது கியர்ல 1500 ஆர்பிஎம்ல மிதிச்சுட்டு வண்டி எழுந்திரிக்கலன்னா அதுக்கு பேரு லேக் இல்லைங்க, அந்த ஆர்பிஎம்ல டர்பைன சுத்தற அளவுக்கு எக்ஸாஸ்டே வரல, கியர குறைச்சா வேலை முடிஞ்சுது. 4000ல போய்ட்டு இருக்கறப்ப மிதிச்சதுக்கும் பூஸ்ட் ஏறதுக்கும் நடுவுல ஒரு இடைவெளி வருதே, அதுதான் லேக். நேத்து வரைக்கும் நல்லா ஓடுன வண்டி திடீர்னு மந்தமாச்சுன்னா இன்டர்கூலர் (அமுக்குன காத்த குளிர வைக்கறது) ஹோஸ் கிளாம்ப் லூசா, வேஸ்ட்கேட் (எக்ஸாஸ்ட்ட டர்பைனுக்கு விடாம ஒதுக்கி விடற வால்வு) ஒழுங்கா மூடுதான்னு பாருங்க முதல்ல. பவர் ஆசைல பெரிய டர்போ போட்டுட்டு லேக்னு புலம்பறவங்களுக்கு ஒரு சைஸ் சின்ன டர்போ போதும், சூப்பர்சார்ஜர் எதுக்கு?

அடுத்தது கணக்கு. சூப்பர்சார்ஜர் கேஜ்ல 0.5 பார், டர்போ 1 பார், மொத்தம் 1.5 பார்னு கூட்டிடறாங்க. ஒண்ணு அமுக்குன காத்த இன்னொண்ணு வாங்கி திரும்ப அமுக்கறப்ப கூட்டக்கூடாது, பெருக்கணும், அதுவும் வெளிக்காத்தோட 1 பாரையும் சேத்து. 0.5ஓட 1 சேத்தா 1.5, 1ஓட 1 சேத்தா 2, ரெண்டையும் பெருக்கினா 3 பார், வெளிக்காத்தோட 1ஐ கழிச்சு கேஜ்ல 2 பார் காட்டும். 1.5க்கு ட்யூன் பண்ண இன்ஜின்ல 2 போச்சுன்னா பிஸ்டன் கதி என்னன்னு சொல்லணுமா. அதவிட மோசம், கம்பெனில இருந்து வந்த மேப் சென்சார் (இன்ஜினுக்குள்ள போற காத்தோட பிரஷர அளக்கறது) அவ்ளோ பிரஷர படிக்கவே படிக்காது, அது தன்னோட லிமிட்லயே நின்னுடும், இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியு அத நம்பி பெட்ரோல் ஊத்தும், கலவை லீன் ஆகி, அதாவது காத்துக்கு ஏத்த பெட்ரோல் இல்லாம, நாக்கிங் (கலவை நேரம் தப்பி வெடிக்கறது) ஆரம்பிச்சுடும்.

இப்ப முக்கியமான தப்புக்கு வரேன், இதுலதான் பாதி ப்ராஜெக்ட் படுக்குது. சூப்பர்சார்ஜர எப்ப எப்படி ஒதுக்கறதுன்னு யோசிக்காம மாட்டறது. ரூட்ஸ் டைப் சூப்பர்சார்ஜர் ஒரு சுத்துக்கு இவ்ளோ காத்துன்னு அளந்துதான் தள்ளும். மேல் ஆர்பிஎம்ல டர்போ அதவிட அதிகமா காத்து கேக்கும், நடுவுல காத்து சுத்திப் போக ஒரு பைபாஸ் இல்லன்னா உங்க சூப்பர்சார்ஜரே அடைப்பா நிக்கும், போதாததுக்கு க்ராங்க்ல (இன்ஜினோட சுத்தற தண்டு) இருந்து பவரையும் திங்கும். ஃபோக்ஸ்வாகன் 2005ல கோல்ஃப்ல கொண்டு வந்த 1.4 டிஎஸ்ஐ இன்ஜின பாருங்க. சூப்பர்சார்ஜர் க்ராங்க்க விட 5 மடங்கு வேகத்துல சுத்தும், அத பெல்ட்டோட சேக்கறதும் பிரிக்கறதும் ஒரு மேக்னடிக் கிளட்ச். 2400 ஆர்பிஎம் வரைக்கும் மிதிச்சா சூப்பர்சார்ஜர் வரும், 2400ல இருந்து 3500 வரைக்கும் சட்டுனு மிதிச்சா மட்டும், அதுக்கு மேல கிளட்ச் விட்டுடும், பைபாஸ மூடித் திறக்கற ஃப்ளாப் முழுசா திறந்து காத்து நேரா டர்போவுக்கு போய்டும். 1500 ஆர்பிஎம்லயே வெளிக்காத்தையும் சேத்து 2.5 பார் கிட்ட வந்துடும், டர்போ மட்டும் இருந்தா அந்த இடத்துல 1.3 தாண்டாது. சூப்பர்சார்ஜர் காத்த தள்ளத் தள்ள எக்ஸாஸ்ட்டும் கூடுது, அந்த எக்ஸாஸ்ட் டர்போவ சீக்கிரமா எழுப்பிடுது. 170 பிஎஸ் வெர்ஷன்ல 240 நியூட்டன் மீட்டர் டார்க் 1750ல இருந்து 4500 வரைக்கும் ஒரே மட்டமா நிக்கறதுக்கு காரணம், அந்த ஃப்ளாப் கொஞ்சம் கொஞ்சமா திறக்கறதுதான். நம்ம ஷெட்ல வேக்வம்ல வேலை செய்யற ஒரு வால்வ மாட்டி, மூடு இல்லன்னா திறன்னு விட்டா, கை மாறற அந்த ஆர்பிஎம்ல டார்க் பொத்துனு விழுந்து திரும்ப எகிறும். மழைல வளைவு பாதி திரும்பறப்ப இது நடந்தா பின் வீல் ட்ரைவ் வண்டி என்ன பண்ணும்னு உங்களுக்கே தெரியும்.

சூட்ட மறக்கறதும் உண்டு. 30 டிகிரி காத்த 3 பாருக்கு அமுக்கினா, நல்ல கம்ப்ரஸர்ல கூட 200 டிகிரி கிட்ட போய்டும், ரூட்ஸ் டைப் இன்னும் சூடாக்கும். பழைய இன்டர்கூலரே போதும்னு சொல்ற மெக்கானிக் கிட்ட இருந்து வண்டிய எடுத்துட்டு வந்துடுங்க. பெல்ட்டும் அப்படித்தான், சின்ன புல்லி போட்டு பூஸ்ட ஏத்தினா பெல்ட் வழுக்கும், கேஜ்ல பூஸ்ட் இறங்கறத பாத்துட்டு டர்போவ குறை சொல்லிட்டு இருப்பாங்க.

கம்பெனியே செஞ்ச ட்வின்சார்ஜ் (ரெண்டு சார்ஜரும் இருக்கற) வண்டிய செகண்ட் ஹேண்ட்ல வாங்கி உடனே ரீமேப்னு (ஈசியு செட்டிங்க மாத்தி பவர ஏத்தறது) ஓடறது இன்னொரு தப்பு. அந்த 1.4 இன்ஜின்ல பிஸ்டன் ரிங் பள்ளத்துக்கு நடுவுல இருக்கற விளிம்பு உடையறதும், ஆயில் குடிக்கறதும் ஊரறிஞ்ச பிரச்சன, கீழ் ஆர்பிஎம்ல டார்க்க இன்னும் ஏத்தினா அத சீக்கிரமா வரவழைக்கறீங்க அவ்ளோதான். அடுத்த தலைமுறை 1.4ல ஃபோக்ஸ்வாகனே சூப்பர்சார்ஜர தூக்கிட்டு டர்போ மட்டும் வச்சுது. ஆடி 2016ல எஸ்க்யூ7 டீசல்ல பெல்ட்டே வேண்டாம்னு 48 வோல்ட் மோட்டார்ல சுத்தற கம்ப்ரஸர வச்சுது, கால் செகண்டுக்குள்ள அது 70,000 ஆர்பிஎம் தொடும். கிளட்ச், புல்லி, பெல்ட் தலவலி எதுவும் இல்ல, எனக்கென்னமோ இனிமே லேக்க குறைக்க இதுதான் சரியான வழின்னு தோணுது.

அப்படியும் பழைய 1.4 தான் வேணும்னா, கம்ப்ரஷன் டெஸ்ட் பண்ணி நாலு சிலிண்டரும் ஒரே மாதிரி வருதான்னு பாருங்க, ஆயில் டிப்ஸ்டிக்க மாசத்துக்கு ஒரு தடவயாவது இழுத்து பாருங்க. கீழ் ஆர்பிஎம்ல மிதிக்கறப்ப கீச்சுனு சத்தம் வந்தா வாட்டர் பம்ப் பக்கம் டார்ச் அடிச்சு பாக்கணும், மேக்னடிக் கிளட்ச் அந்த பம்போடயேதான் இருக்கு, கூலன்ட் ஒழுகினா கிளட்ச் மேலதான் விழும், அப்ப ரெண்டையும் சேத்தேதான் மாத்தணும்.