பிள்ளைக்கு மீடியாவில விருப்பமா? கிரேட் 10லயே பாக்கவேண்டிய விசயங்கள்

ஒன்ராறியோவில இருக்கிற எங்கட ஆக்கள் கனபேருக்கு எஸ்எச்எஸ்எம் எண்டா என்னெண்டு பிள்ளை கோர்ஸ் செலக்சனைத் திறந்து காட்டேக்கதான் தெரியவருது. ஸ்பெஷலிஸ்ட் ஹை ஸ்கில்ஸ் மேஜர், 2006ல மாகாண அரசு துவக்கினது, கிரேட் 11, 12 ரெண்டு வருசமும் ஒரு துறையைப் பிடிச்சுப் படிச்சு முடிச்சா டிப்ளோமாவில சிவப்பு சீல் ஒண்டு போட்டுக் குடுப்பினம். எல்லாரும் எடுக்கிற அதே ஓஎஸ்எஸ்டிதான், அதாவது ஒன்ராறியோ ஹைஸ்கூல் டிப்ளோமாதான், வேற டிப்ளோமா இல்லை. "படிப்பு ஓடாத பிள்ளையளுக்குத்தானே உது" எண்டு சிலர் சொல்லுவினம், அது சும்மா கதை, யுனிவர்சிட்டிக்குப் போற பிள்ளையும் செய்யலாம்.

மீடியாப் பிள்ளையள் கூடுதலா ஆர்ட்ஸ் அன்ட் கல்ச்சர், இல்லாட்டி இன்ஃபர்மேஷன் அன்ட் கொம்யூனிகேஷன்ஸ் ரெக்னோலஜி, இந்த ரெண்டில ஒண்டுக்குள்ளதான் வருவினம். பெயரைப் பாத்து முடிவெடுக்காதேங்கோ. ஒரு பள்ளிக்கூடத்தில கொம்யூனிகேஷன்ஸ் எண்டு எழுதியிருக்கும், உள்ளுக்க போனா முழுக்க கோடிங்கா இருக்கும், இன்னொண்டில ஆர்ட்ஸ் எண்டா டிராமாவும் மியூசிக்கும்தான். மேஜர் கிரெடிட் நாலுக்கும், அதாவது அந்தத் துறைக்கெண்டே எடுக்கிற நாலு கோர்ஸுக்கும், என்னென்ன குடுக்கினம், கமரா, எடிட்டிங் லாப் இருக்கோ, பிள்ளையள் செய்த வேலை ஏதும் காட்டேலுமோ எண்டு ஓப்பின் ஹவுஸுக்குப் போய் நேர கேளுங்கோ. எல்லாப் பள்ளிக்கூடத்திலயும் எல்லாத் துறையும் இல்லை, அதால சிலவேளை பள்ளிக்கூடம் மாறவேண்டி வரும், அதுக்கு பள்ளிக்கூட போர்டில தனி விண்ணப்பம், தனித் திகதி.

இப்ப கிரேட் 10க்கு வருவம், கனபேர் கோட்டை விடுற இடம் இதுதான். கிரேட் 11 மீடியா ஆர்ட்ஸ், அதாவது ஏஎஸ்எம்3எம், எடுக்க முதல் கிரேட் 10 மீடியா ஆர்ட்ஸ் எடுத்திருக்கவேணும். கொம்யூனிகேஷன்ஸ் ரெக்னோலஜி ரிஜிஜே3எம்முக்கு அப்பிடி ஒண்டும் தேவையில்லை, நேர 11ல துவங்கலாம், ஆனா 12ல ரிஜிஜே4எம் எடுக்க 11ல எடுத்திருக்கவேணும். பிந்தித்தான் ஆசை வந்த பிள்ளைக்கு அதால ரிஜிஜே பக்கம்தான் லேசு.

பிறகு ஒரு பேப்பரை எடுத்து ரைம்ரேபிளைக் கீறுங்கோ. வருசத்துக்கு எட்டு கோர்ஸ் எண்டா ரெண்டு வருசத்துக்கு 16 இடம், அதில எஸ்எச்எஸ்எம் எட்டிலயிருந்து பத்துக் கிரெடிட் கேக்கும். கேக்கப் பயமாத்தான் இருக்கும், ஆனா இங்கிலிஷ் மாதிரி எப்பிடியும் எடுக்கவேண்டிய கோர்ஸும் அந்தக் கணக்குக்குள்ளயே வந்திடும். யுனிவர்சிட்டி பாக்கிற ஆறு 4யு, 4எம் கோர்ஸில, அதாவது யுனிவர்சிட்டிக்குப் போக எடுக்கிற கிரேட் 12 கோர்ஸில, ரிஜிஜே4எம்மும் பொதுவா ஒண்டாக் கணக்கில வரும், வேலையிடத்தில போய்ப் பழகி எடுக்கிற கோ-ஒப் கிரெடிட் வராது. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கல்குலஸ் எல்லாத்தையும் "கைக்கு இருக்கட்டும்" எண்டு வைச்சுக்கொண்டு இதையும் செய்யப்போனா நெருக்கும், ஒண்டை விடத்தான் வேணும், எதை விடுறது எண்டதைப் பிள்ளையோட இருந்து கதையுங்கோ, பிள்ளைக்குத் தெரியாமக் கைடன்ஸ் கவுன்சிலருக்கு போன் அடிச்சு மாத்தாதேங்கோ.

என்னைக் கேட்டா இந்த புரோகிராமில பெறுமதியானது கோ-ஒப்தான். ரெண்டு கிரெடிட் எண்டா வகுப்பு நேரமும் சேத்து 220 மணித்தியாலம், அதில கூடுதலானது ஒரு உண்மையான வேலையிடத்தில. பெரிய ரிவி ஸ்டேஷனில கிடைக்கவேணும் எண்டு எல்லாரும் நினைப்பினம், அங்க போனா ஆரோ செய்யிற வேலையைப் பின்னால நிண்டு பாக்கிறதோட முடியலாம், கலியாண வீடியோ எடுக்கிற சின்ன ஸ்டூடியோ, கொம்யூனிட்டி ரேடியோ, ஒரு நொன்-ப்ரொஃபிட்டின்ர சோஷியல் மீடியா, இப்பிடியான இடங்களிலதான் மைக்கைக் கையில தருவினம். ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் தமிழ் ரேடியோ, ரிவிக்காரரும் இருக்கினம், பிள்ளைக்குத் தமிழ் கதைக்கத் தெரிஞ்சா அது அங்க பெரிய பலம். தெரிஞ்ச இடம் இருந்தா முதலே கோ-ஒப் ரீச்சரிட்டச் சொல்லுங்கோ, பள்ளிக்கூடம் அந்த இடத்தைச் சரிபாத்து பேப்பர் முடிச்சாப்பிறகுதான் மணித்தியாலம் எண்ணத் துவங்கும், தாங்களாப் போய் வேலைசெய்துபோட்டு வந்து கேட்டா எண்ணமாட்டினம்.

முதலுதவி, சிபிஆர் மாதிரி சேர்ட்டிபிக்கற்றுகளும் எடுக்கவேணும், பள்ளிக்கூட நேரத்திலயே கூடுதலா வைப்பினம், அண்டைக்கு லீவு போடாட்டிச் சரி.

செய்யிற எல்லாத்தையும் சேமிச்சு வைக்கச் சொல்லுங்கோ, எடிட் பண்ணின வீடியோ மட்டுமில்லை, ஸ்கிரிப்ட், ஸ்டோரிபோர்ட், ரோ ஃபுட்டேஜ் எல்லாம், அதுவும் போர்டின்ர கூகிள் எக்கவுண்டில விடாம சொந்த டிரைவில, பள்ளிக்கூடம் முடிய அந்த எக்கவுண்டும் போயிடும். பிறகு மீடியா கோர்ஸுகளுக்கு விண்ணப்பிக்கேக்க கன இடத்தில மார்க்கோட போர்ட்ஃபோலியோவும், அதாவது பிள்ளை செய்த வேலையின்ர தொகுப்பும், கேப்பினம். சிவப்பு சீல் இருந்தா உள்ளுக்க எடுப்பினம் எண்டு நம்பி இருக்கவேண்டாம், சீல் கட்டாயமில்லை, அவை பாக்கிறது வேலையை.

இடையில பிள்ளைக்கு மனம் மாறினாலும் அந்தரப்படாதேங்கோ, சீல் மட்டும்தான் கிடைக்காது, பாஸ் பண்ணின கிரெடிட் எல்லாம் டிப்ளோமாவுக்கு அப்பிடியே நிக்கும்.