ரேமைக் கேஷாக்கி எஸ்எஸ்டியை வேகப்படுத்துவது எப்படி?

எஸ்எஸ்டி என்பது கணினியில் கோப்புகளைச் சேமிக்கும் டிரைவ். சாட்டா என்ற பழைய இணைப்பு கொண்ட எஸ்எஸ்டி நொடிக்குச் சுமார் 550 எம்பி படிக்கும். பிசிஐஇ 4.0 என்விஎம்இ என்ற வேகமான இணைப்பு கொண்டது என்றால் 7,000 எம்பி வரை போகும். டிடிஆர்4-3200 வகை ரேம் இரட்டைச் சேனலில் (இரண்டு பாதைகள் சேர்ந்து) கணக்குப்படி 51 ஜிபியைத் தொடும். தாமதத்தில் இடைவெளி இன்னும் பெரிது. ரேம் பதில் சொல்ல 100 நானோநொடி போதும், எஸ்எஸ்டிக்குப் பல பத்து மைக்ரோநொடிகள் ஆகும். அடிக்கடி தேவைப்படும் தரவை ரேமிலேயே வைத்துக்கொண்டால் என்ன என்ற யோசனை அங்கிருந்துதான் வருகிறது. அப்படி வைத்துக்கொள்ளும் இடத்துக்குத்தான் கேஷ் என்று பெயர்.

படி 1: ரேம் மிச்சம் இருக்கிறதா?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். ‘பெர்ஃபாமன்ஸ்’ பக்கத்தில் ‘மெமரி’யைச் சொடுக்குங்கள். நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் மென்பொருள்கள் எல்லாம் ஓடும்போதுதான் இதைப் பார்க்க வேண்டும். 8 ஜிபி ரேம்தான் என்றால் இத்தோடு விட்டுவிடலாம். 16 ஜிபி இருந்தால் 2, 32 ஜிபி இருந்தால் 4 முதல் 8 வரை ஒதுக்கலாம் என்பது என் கணக்கு. அளவு மீறி ஒதுக்கினால் ரேம் பற்றாமல் விண்டோஸ், ரேமில் இடம்கொள்ளாததை வைக்கும் பேஜ் ஃபைல் என்ற கோப்பை நாடும். அந்தக் கோப்பு இருப்பதோ பெரும்பாலும் அதே எஸ்எஸ்டியில்!

படி 2: விண்டோஸ் ஏற்கெனவே செய்வதைப் பாருங்கள்

அதே பக்கத்தில் ‘கேஷ்டு’ என்று ஓர் எண் இருக்கும். சும்மா கிடக்கும் ரேமில் விண்டோஸ் தானாகவே கோப்புகளை வைத்திருக்கும் அளவு அது. கணினியை ரீஸ்டார்ட் செய்து பெரிய மென்பொருள் ஒன்றைத் திறங்கள், மூடுங்கள், மறுபடி திறங்கள். இரண்டாவது முறை சட்டென்று வரும். இதற்குத் தனி மென்பொருள் எதுவும் தேவைப்படவில்லை, கவனித்தீர்களா? இந்த வேகமே போதும் என்றால் கீழே உள்ள எதுவும் உங்களுக்கு வேண்டாம். பெரும்பாலானோருக்கு இது போதும்.

படி 3: மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள்

சாம்சங் 2013-ல் 840 ஈவோவுடன் ரேமைக் கேஷாக்கும் ‘ரேபிட் மோட்’ என்ற வசதியைக் கொண்டுவந்தது. அது சாம்சங்கின் சில சாட்டா டிரைவ்களுக்கு மட்டுந்தான். குரூஷியலும் தன் சில டிரைவ்களுக்கு ‘மொமென்டம் கேஷ்’ என்ற ஒன்றைக் கொடுத்தது. எந்த நிறுவன டிரைவுக்கும் பொருந்துவது பிரைமோகேஷ் என்ற மென்பொருள். அது காசு கொடுத்து வாங்க வேண்டியது, ஆனால் சோதனைப் பதிப்பு கிடைக்கிறது. அதையே எடுத்துக்கொள்வோம்.

படி 4: அமைத்தல்

முதலில் முக்கியமான கோப்புகளுக்குப் பேக்கப் எடுத்துவிடுங்கள். அப்புறம் பிரைமோகேஷில் புதிய கேஷ் டாஸ்க் ஒன்றை உருவாக்கி, எந்தப் பார்ட்டிஷனுக்கு வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுங்கள். ‘லெவல்-1 கேஷ்’ என்ற இடத்தில் நீங்கள் முடிவு செய்த அளவை எம்பியில் கொடுக்க வேண்டும் (2 ஜிபிக்கு 2048). பிளாக் அளவைச் (கேஷில் தரவைப் பிரித்து வைக்கும் துண்டின் அளவை) சிறிதாக்கினால் கேஷ் நுணுக்கமாக வேலை செய்யும், ஆனால் அதன் நிர்வாகத்துக்கே கூடுதல் ரேம் போகும். தொடக்கத்தில் அதைத் தொட வேண்டாம்.

இனி வருவதுதான் யோசித்துச் செய்ய வேண்டியது: ‘டிஃபர்-ரைட்’. இதை இயக்கினால், நீங்கள் சேமிக்கும் தரவு முதலில் ரேமில் நிற்கும், சில நொடிகள் கழித்துத்தான் எஸ்எஸ்டிக்குப் போகும். எழுதும் வேகம் அசத்தலாக ஏறும். உருவாகி உடனே அழியும் தற்காலிகக் கோப்புகள் எஸ்எஸ்டிக்கே போகாமல் முடிந்துவிடுவதால் தேய்மானமும் குறையும். ஆனால் அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் ரேமில் நின்ற அத்தனையும் போச்சு, ஃபைல் சிஸ்டமே கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு. யுபிஎஸ்ஸோ லேப்டாப் பேட்டரியோ மின்வெட்டிலிருந்து காப்பாற்றும், விண்டோஸே திடீரென்று நின்றுபோகும் புளூ ஸ்கிரீனிலிருந்து காப்பாற்றாது. விண்டோஸ் இருக்கும் பார்ட்டிஷனுக்கு இதை இயக்கவே வேண்டாம். போனால் மறுபடி உருவாக்கிக்கொள்ளக்கூடிய ரெண்டர் கோப்புகள், கம்பைல் கோப்புகள் கிடக்கும் பார்ட்டிஷன் என்றால் சரி.

படி 5: அளந்து பார்த்தல்

டிரைவின் வேகத்தை அளக்கும் கிரிஸ்டல்டிஸ்க்மார்க் மென்பொருளை ஓட்டினால் எண்கள் எங்கேயோ பறக்கும். நம்பாதீர்கள். அதன் சோதனைக் கோப்பு வழக்கமாக 1 ஜிபி, உங்கள் கேஷ் 2 ஜிபி. அதாவது நீங்கள் அளந்தது ரேமை. அதற்குப் பதில் ஒரு வாரம் வழக்கம்போல் வேலை செய்துவிட்டு, பிரைமோகேஷ் காட்டும் ‘ஹிட் ரேட்’டை, அதாவது கேட்ட தரவில் எவ்வளவு கேஷிலேயே கிடைத்தது என்பதைப் பாருங்கள். அது குறைவாகவே இருந்தால், அந்த ரேமை விண்டோஸிடமே திருப்பிக் கொடுப்பது மேல்.

வேண்டாம் என்று முடிவெடுத்தால், டிஃபர்-ரைட் இயக்கத்தில் இருக்கும் பட்சத்தில் முதலில் காத்திருக்கும் தரவு முழுவதையும் ஃபிளஷ் செய்யுங்கள், அதாவது எஸ்எஸ்டியில் எழுதச் செய்யுங்கள். அப்புறம் டாஸ்க்கை நிறுத்தி நீக்குங்கள், கடைசியாக மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள்.